தூரத்தில் தெரிகிற மஞ்சள்

அன்ரிகுவா, குவாத்தமாலா
14.11.2006

என் அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அங்கே சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். முழங்கால் நோ எப்படி? கோபம் எப்படி? முழங்காலைவிட அதுதான் எனக்குக் கவலை.

புறப்படுவதற்கு முதல் நாள் வந்து சொன்னது பிழைதான். ஒரு கிழமைக்கு முன் சொல்லியிருந்தால் நீங்கள் கோயில் சனம் முழுவதையும் கூட்டி வந்து வாசலில் இருத்தியிருப்பீர்கள். ஐம்பத்தைந்து வயதில், உங்கள் மகன் நிஷானின் பழைய முதுகுப்பையைக் கொழுவிக்கொண்டு தனியாக ஊர் சுற்றப் போகிறவனை அவர்கள் சும்மா விடுவார்களா?

டொக்டர் சொன்னதை உங்களுக்கு அரைகுறையாகத்தான் சொன்னேன். இப்போது முழுவதையும் சொல்லிவிடுகிறேன். என் பார்வை ஓரங்களில் இருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது. இப்போதே குழாய்க்குள்ளால் பார்ப்பது போலத்தான் இருக்கிறது. ஒரு வருடமோ இரண்டு வருடமோ, அதற்கு முன்போ, அந்தக் குழாயும் மூடிவிடும். மருந்து அதைப் பிந்த வைக்குமே தவிர நிற்பாட்டாது. நான் ஓட்டிய பள்ளிக்கூட பஸ்ஸின் திறப்பைத் திருப்பிக் கொடுத்த அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மிச்சமிருக்கிற பார்வையைச் சுவருக்கா செலவழிக்கிறது என்று நினைத்தேன். நிஷானிடம் கேட்டேன்: எரிமலை, ஏரி, காடு எல்லாம் கிட்டக்கிட்ட இருக்கிற, என்னைப் போல ஆளுக்குக் கட்டுப்படியாகிற நாடு எது? அவன் கணினியில் தேடி இதைச் சொன்னான். அவனை ஏசாதீர்கள்.

நான் தங்கியிருப்பது றோசா என்ற விதவைப் பெண்ணின் விடுதியில். ஒரே அறையில் எட்டுக் கட்டில். மற்ற ஏழு பேரும் நிஷானைவிட இளையவர்கள், உலகம் சுற்றுகிற பிள்ளைகள். என்னை 'டொன் நிக்கோ' என்கிறார்கள். என் குறட்டையை ஒருவரும் குறை சொல்லவில்லை.

முதல் நாள் காலை பல் தீட்டிக்கொண்டே வாசலைத் திறந்தேன். தெரு முடிகிற இடத்தில் ஒரு மலை, அக்கா, வானத்தின் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது. அடிவாரம் நீலம், அதற்கு மேல் பச்சை, உச்சியில் புகை. வாய் நிறையப் பற்பசையோடு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கடைசியில் றோசா வந்து துவாய் தந்துவிட்டுப் போனாள்.

போனில் கதைத்தால் நீங்கள் அழுவீர்கள், நான் "ஓம், ஓம்" என்பேன், போன் காட் முடிந்துவிடும். ஆகவே கடிதம் எழுதுங்கள். தை மாத முடிவில் வந்துவிடுவேன்.

உங்கள் அன்புத் தம்பி
நீக்கிலாப்பிள்ளை


யேசு மரி சூசை துணை

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
1.12.2006

அன்பின் தம்பிக்கு அக்கா றோசலின் எழுதுவது,

நான் சுகமாக இல்லை. நீ சுகம் என்று எழுதியிருப்பதால் கொஞ்சம் சுகம். முழங்கால் பழையபடி. கோபம் போகவில்லை.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் அழுதேன். இரண்டாம் தரம் உன்னை ஏசினேன். மூன்றாம் தரம் அந்த மலையைப் பார்த்தேன். அது போகட்டும். கண்ணைப் பற்றி என்னிடம் அரைகுறையாகச் சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது? கீழ்வீட்டில் நீ, மேல்வீட்டில் நான். இத்தனை வருடமாக உன் தேத்தண்ணிக்குச் சீனி போடுகிறவள் நான். உன் கண் போகப்போகிறது என்று குவாத்தமாலாவில் இருந்து முத்திரை ஒட்டி எனக்கு அறிவிக்கிறாய்.

நிஷான் லொங்குய்யில் இருந்து வந்தான். நன்றாக ஏசிவிட்டேன். "அம்மா, மாமா ஒரு நாளும் ஒண்டும் கேக்காத மனிசன். கேட்ட ஒண்டையும் மாட்டன் எண்டு சொல்லச் சொல்லுறீங்களோ?" என்றான்.  அதற்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் ஏசினேன்.

இப்போது கவனமாக வாசி. முதுகுப்பையின் அடி உறையைத் தடவிப் பார். நீ புறப்படுகிற அன்று விடிய, நீ குளித்துக்கொண்டிருந்தபோது, அதற்குள் ஒரு சின்னப் பொட்டலம் வைத்துத் தைத்தேன். வெள்ளியில் செய்த கண்மலர், ஒரு சோடி. உன் கண்ணுக்காக மடு மாதாவுக்குக் கொடுக்கவென்று ரொறன்ரோவில் செய்வித்தது. ஊரில் சண்டையால் பாதை திரும்பவும் பூட்டியாயிற்று, மடுவுக்குப் போக இப்போது வழியில்லை. ஆனால் நம் பங்குக் கோயிலுக்கு வருகிற குவாத்தமாலாக்காரி ஒருத்தி சொன்னாள், அவர்கள் நாட்டில் எஸ்கிப்பூலாஸ் என்ற ஊரில் ஒரு கறுத்த ஆண்டவர் இருக்கிறாராம். அங்கேயும் சனம் கை, கால், கண் என்று உலோகத்தில் செய்து வைத்து மன்றாடுமாம். தை பதினைந்து திருநாள். அங்கே போ. கண்மலரை வை. கண்ணைக் கேள். கேட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வா.

ஊர் பேர் தெரியாத மலையையெல்லாம் பார்க்கிற கண் இந்த அக்காவின் முகத்தையும் பார்க்க வேண்டும். அது மூட முதல் நீ என் முன்னால் வந்து நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆசீர்வாதத்துடன்
அக்கா


சான் பெத்ரோ, அத்தித்லான் ஏரிக்கரை
17.12.2006

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். கண்மலர் கிடைத்தது. தையலைப் பிரிக்க அரை நாள் எடுத்தது, அவ்வளவு நெருக்கமாகத் தைத்திருக்கிறீர்கள். அதைச் சேட்டுப் பையில் வைத்து ஊசி குத்தியிருக்கிறேன். பதினைந்தாம் தேதிக்குக் கட்டாயம் போவேன்.

நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். இந்த ஏரிக்கு வர பஸ் ஏறினேன். சிவப்பும் பச்சையுமாகப் பூ வரைந்து, கூரையில் மூட்டை, கோழிக்கூடு, சைக்கிள் எல்லாம் கட்டி, உள்ளே ஒரு இருக்கைக்கு நான்கு பேர். என் கை தானாகவே முன்கம்பியைப் பிடித்தது. பிடித்தவுடனே தெரிந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். பின்கதவுக்கு மேலே, பூச்சு அடித்தும் மறையாமல், அவசர வாசல் என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. எங்கள் பள்ளிக்கூட பஸ், அக்கா! நான் ஓட்டியதாக இல்லாவிட்டாலும் கியூபெக்கில் யாரோ ஓட்டியதுதான். பழையதாகிப் போனால் இங்கே கொண்டுவந்து விற்கிறார்களாம். இருக்கைக்கு அடியில் தடவினேன். காய்ந்த சூயிங்கம்! நம்முடைய பிள்ளைகள் ஒட்டியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

எனக்குத் தெரிந்த நாலு ஸ்பானிஷ் சொல்லையும் சேர்த்து, "நானும் சாரதி, இதே பஸ், கனடா" என்று சாரதியிடம் சொன்னேன். அவர் பஸ்ஸை நடுத்தெருவில் நிற்பாட்டி, எழுந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கி, முன் இருக்கையில் இருந்த தன் மனைவியை எழுப்பிவிட்டு என்னை இருத்தினார். அவள் மடியில் இருந்த கோழி என் மடிக்கு வந்தது. ஒரேயொரு குறை. மஞ்சளை மறைத்துவிட்டார்களே என்று கேட்டேன். மஞ்சள் வெறும் நிறமல்ல. மழையிலும் பனியிலும் மங்கலிலும் தூரத்திலேயே முதலில் கண்ணில் படுகிற நிறம் அதுதான். அதனால்தான் பிள்ளைகளின் பஸ்ஸுக்கு அதைப் பூசுகிறார்கள். அவர் சிரித்துவிட்டு, "எங்கள் பஸ்ஸைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம்" என்று ஹோர்னை அமத்தினார்.

பிறகு ஒரு வளைவு திரும்பியது. கீழே ஏரி. சுற்றிவர மூன்று எரிமலைகள், அவற்றின் நிழல்கள் தண்ணீரில் தலைகீழாக. நான் தலையை இடமும் வலமும் ஆட்டி ஆட்டித் துண்டு துண்டாகப் பார்த்துச் சேர்க்க வேண்டியிருந்தது. அது நல்லதாகத்தான் போனது. மற்றவர்கள் ஒரு தரத்தில் பார்த்ததை நான் பல தரம் பார்த்தேன்.

அன்புத் தம்பி
நீக்கிலாப்பிள்ளை


யேசு மரி சூசை துணை

ரொக்ஸ்பரோ
3.1.2007

அன்பின் தம்பிக்கு,

சுகம். உன் சுகத்துக்குத் தினமும் செபமாலை சொல்கிறேன். புது வருட வாழ்த்து.

இந்த முறை நத்தாருக்கும் பனி இல்லை. நீ பனியையும் முதுகுப்பைக்குள் வைத்துக் கொண்டுபோய்விட்டாயோ? பூசை முடிய யோசெப்பின் அக்கா பிடித்துக்கொண்டாள். "தம்பி எங்கை, ஆளைக் காணேல்ல?" "எரிமலை பாக்கப் போயிட்டான்." "ஐயோ, அந்தாளுக்கென்ன விசரே?" "ஓம், விசர்தான். ஆனா உங்கட மனிசனைப் போல ரீவிக்கு முன்னால இருந்து பிடிச்ச விசர் இல்லை" என்றேன். நான் உனக்காகச் சண்டை பிடிப்பேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

மூலைக்கடை டெப்பனரில் உன் பஸ்ஸில் வந்த ஒரு பெட்டைக்குட்டி என்னை அடையாளம் கண்டு, "மிஸ்யூ நிக்கோ எப்போ வருவார்?" என்றது. புதுச் சாரதி சிரிப்பதே இல்லையாம். நீ சொல்லிக் கொடுத்ததைத் தாய்க்கு முன்னால் ஒப்புவித்தது: "மஞ்சள் கிட்ட வரும். அது வந்து நிற்குமட்டும் நீ அசையக்கூடாது."  பாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ் கதையை நானும் நிஷானும் வாசித்து வாசித்துச் சிரித்தோம். ஆனாலும் தம்பி, ஏரியைத் துண்டு துண்டாகப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்தாம் தேதியை மறந்துவிடாதே.

அக்கா


அன்ரிகுவா
6.1.2007

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இது சின்னக் கடிதம். பக்காயா எரிமலைக்கு ஏறி இறங்கிய களைப்பில் விரல்கூட வளைகிறதில்லை.

பொழுதுபடும் நேரம் மேலே போய்ச் சேர்ந்தோம். இருட்டினால் எனக்கு ஒன்றும் தெரியாது, உங்களுக்குத் தெரியும்தானே. என்னோடு வந்த பிள்ளைகள் இருபக்கமும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போது அந்த இருட்டுக்குள் நெருப்பு ஓடியது. மலையின் வயிற்றில் இருந்து, ஆறு மாதிரி, மெதுவாக, சிவந்து. கல்லே உருகி ஓடுகிறது. முகம் சுட்டது. அந்தப் பிள்ளைகள் ஓயாமல் படம் எடுக்கிற பிள்ளைகள். அவர்களே கமெராவைக் கீழே விட்டுவிட்டு நின்றார்கள். உலகம் இன்னும் செய்து முடியவில்லை, அக்கா. ஆண்டவர் இப்போதும் செய்துகொண்டே இருக்கிறார். நான் அதைப் பார்த்துவிட்டேன்.

தம்பி


எஸ்கிப்பூலாஸ்
19.1.2007

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். உங்களுக்கும் அப்படியே ஆகுக. இந்தக் கடிதத்தைக் கோபப்படாமல் வாசிக்க வேண்டும். முதலில் கதிரையில் இருந்துகொள்ளுங்கள்.

பதினைந்தாம் தேதிக்கு வந்து சேர்ந்தேன். வெள்ளைவெளேரென்று பெரிய கோயில். அதைச் சுற்றி இந்த நாடும் பக்கத்து நாடுகளும் வந்து படுத்திருந்தன. நடந்து வந்தவர்கள், முழந்தாளில் வந்தவர்கள், பிள்ளையைத் தோளில் வைத்து வந்தவர்கள். நானும் விடிய வரிசையில் நின்று மத்தியானம் கடந்துதான் கிட்டப் போனேன். கண்மலரைக் கையில் பொத்திக்கொண்டு, என்ன கேட்பது என்று வசனம் எல்லாம் கட்டி வைத்திருந்தேன்.

நிமிர்ந்தேன். கறுப்பு, அக்கா. சிலுவையில் தொங்குகிற முகம் நல்ல கறுப்பு. நம் நிறம். பிறந்த நாளில் இருந்து வெள்ளை யேசுவுக்கு முன்னால்தானே முழந்தாளிட்டோம். என் குழாய்க்குள் வேறு எதுவும் வரவில்லை, மெழுகுதிரி இல்லை, சனம் இல்லை, அந்த முகம் மட்டும்தான். அவர்களுடைய வழக்கம், ஆண்டவருக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே போவது. நானும் பின்னுக்குப் பின்னுக்கு நடந்தேன். முகம் சிறிதாகிக்கொண்டு போனது, ஆனால் மறையவில்லை. யாரோ ஒரு பெண் பின்னால் இருந்து என் தோளைப் பிடித்து வாசற்படி வரை கொண்டுவந்து விட்டாள். வெளியே வந்து வெயிலில் குந்தியிருந்து அழுதேன். சந்தோசத்தில்தான்.

விடுதிக்கு வந்து கையைத் திறந்தபோதுதான் கண்டேன், கண்மலர் உள்ளே இருந்தது. வைக்கவில்லை. கேட்கவும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்ததில் மறந்துவிட்டேன்.

உங்கள்
தம்பி


யேசு மரி சூசை துணை

ரொக்ஸ்பரோ
4.2.2007

தம்பிக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

கோயிலுக்குப் போய் ஆண்டவரை மறந்து சனத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆண்டவரையே பார்த்துக்கொண்டு நின்று வந்த காரியத்தை மறந்தவன் உலகத்தில் நீ ஒருவன்தான். கடல் கடந்து போனாய். வரிசையில் நின்றாய். கையில் வைத்திருந்தாய். வாயைத் திறந்து "கண்ணைத் தாரும்" என்று ஒரு சொல் சொல்ல முடியாமல் போய்விட்டதா? இவ்வளவு காலமும் பஸ்ஸில் ஒரு பிள்ளையையாவது மறந்து விட்டுவிட்டு வந்திருக்கிறாயா? இதை மட்டும் எப்படி மறந்தாய்?

திரும்பிப் போ. இன்னும் ஒரு தரம் வரிசையில் நில். இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு போய்க் கேள். தை முடிந்துவிட்டது, நீ வரவில்லை. எப்போது வருகிறாய் என்றும் எழுதவில்லை. நீ எழுதிய வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. அதையும் நான் பார்க்கிறேன்.

அக்கா


ரொக்ஸ்பரோ
8.2.2007

அன்பின் தம்பி,

முந்தைய கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டு நாலு அடி வைக்க முதல் எனக்கு மனம் கேட்கவில்லை. தபால் பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. ஒரு பிரெஞ்சுக்காரி பார்த்துக்கொண்டு போனாள். அது வந்தால் வாசிக்காமல் கிழித்துவிடு. சாப்பிடு. கண்ணுக்கு மருந்தை ஒழுங்காக விடு.

அக்கா


அன்ரிகுவா
26.2.2007

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. இரண்டாவதை முதலில் பிரித்தேன். ஆனாலும் முதலாவதைக் கிழிக்கவில்லை. உங்கள் ஏச்சு இல்லாமல் எனக்கு இங்கே உப்பில்லாத சாப்பாடு போல இருந்தது.

எழுதப் பிந்தியதற்கு மன்னியுங்கள். இன்னும் மூன்று மாதம் தங்க அனுமதி எடுக்க அலைந்தேன். பிறகு வடக்கே திக்கால் காட்டுக்குப் போனேன். காட்டுக்குள் பழைய கோபுரங்கள். விடிய முதல் ஒன்றில் ஏறி உச்சியில் இருந்தோம். சரியான பனிமூட்டம், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கேட்டது, அக்கா! முதலில் ஒரு குருவி. பிறகு பத்து. பிறகு காட்டின் அடியில் இருந்து உறுமல். குரங்குகளாம், கேட்டால் சிங்கம் என்பீர்கள். இந்தப் பக்கம் ஒன்று கூப்பிட அந்தப் பக்கம் ஒன்று பதில் சொல்ல, காடு முழுவதும் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டிருந்தது. காலுக்குக் கீழே கல் குளிர்ந்தது, வெயில் நெற்றியில் ஏறியது. பொழுது விடிந்ததை நெற்றியால் அறிந்தேன்.

இங்கே திரும்பி வந்தும் மூட்டமாகத்தான் இருக்கிறது. றோசாவின் விடுதியில் காலையில் சோளரொட்டி தட்டுகிற சத்தம் கேட்கும். அவளுடைய சமையலறைக் கதவு மஞ்சள். முற்றத்தால் அதைப் பார்த்துப் பார்த்துப் போய் மேசையில் இருப்பேன்.

எஸ்கிப்பூலாசுக்குத் திரும்பிப் போகச் சொன்னீர்கள். போகத் தயக்கமாக இருக்கிறது. இவ்வளவையும் காட்டியவரிடம் இன்னும் காட்டும் என்று எப்படிக் கேட்பது? எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வருவேன். கொஞ்சம் பொறுங்கள்.

தம்பி


யேசு மரி சூசை துணை

ரொக்ஸ்பரோ
12.3.2007

அன்பின் தம்பிக்கு அக்கா எழுதுவது,

நான் சுகம். உன் சுகம் எனக்குத் தெரியும், நீ சொல்லத் தேவையில்லை. இதைக் கறுத்த மாக்கரால் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். ஒரு தாளுக்கு நாலு வரிதான் பிடிக்கிறது. கட்டு பெரிதாக வந்தால் பயப்படாதே.

உன் கடிதங்களை வரிசையாக மேசையில் பரப்பினேன். கார்த்திகையில் மலை நீலமும் பச்சையும். மார்கழியில் பஸ் சிவப்பும் பச்சையும். தையில் நெருப்பு, பிறகு கறுத்த முகம். மாசியில் குருவிச் சத்தம், குரங்குச் சத்தம், ரொட்டிச் சத்தம். காட்டில் பனிமூட்டம், சரி. அன்ரிகுவா முற்றத்திலும் பனிமூட்டமா? பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனாலும் உன் அக்கா. உனக்கு இப்போது தெரிவது அந்தக் கதவு ஒன்றுதான்.

நீ ஏன் வரவில்லை என்றும் எனக்குத் தெரியும். நீ வந்து நின்றும் என் முகம் உனக்குத் தெரியாமல் போனால் என் முகம் எப்படிப் போகும் என்று பயப்படுகிறாய். விசரா. உனக்கு என் முகம் தெரியாவிட்டால் என்ன, எனக்கு உன் முகம் தெரியுமே.

நான் வாறேன். இங்கே வந்து இறங்கிய நாளில் இருந்து விமானம் ஏறாதவள் ஏறப்போகிறேன். நிஷான் ரிக்கெற் எடுத்துவிட்டான். பங்குனி இருபத்தொன்பது, வியாழன், பின்னேரம். றோசாவுக்கும் போன் பண்ணிச் சொல்லியாயிற்று, அவள் உன்னை விமான நிலையத்துக்குக் கூட்டிவருவாள். முதுகுப்பையும் வாங்கிவிட்டேன். யோசெப்பின் அக்கா கண்டுவிட்டு, "உனக்குமோ?" என்றாள். "ஓம், எங்கட குடும்ப வியாதி" என்றேன்.

பெரிய வாரத்துக்கு முதல் இரண்டு பேருமாக எஸ்கிப்பூலாசுக்குப் போவோம். கண்மலரை நீயே வைத்திரு. உனக்குக் கேட்க வெட்கமாக இருந்தால் நீ கேட்காதே, சும்மா நின்று அவரைப் பார். நான் கேட்கிறேன். எனக்கு அவரிடம் வெட்கம் கிடையாது. அவர் தராவிட்டால் போகிற இடமெல்லாம் நான் பார்த்து உனக்குச் சொல்லுவேன். என் வாய் ஓயாது என்று உனக்குத் தெரியும்தானே.

பிளாசாவில் தேடித் தேடி ஒரு மழைக்கோட்டு வாங்கினேன். உன் பஸ்ஸின் நிறம், அதே மஞ்சள். போட்டுப் பார்த்தபோது கடைக்காரப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரிக்கட்டும்.

விமான நிலைய வாசலில் நில். என்னைத் தேடாதே, சனத்துக்குள் தலையை ஆட்டி ஆட்டி அலையாதே. மஞ்சள் கிட்ட வரும். அது வந்து நிற்குமட்டும் நீ அசையக்கூடாது.

உன் அக்கா
றோசலின்